பீஸ் ஆற்றின் சுறாப்பற்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தெற்கு நோக்கி ஓடி சார்லட் ஹார்பரில் கடலைச் சேரும் பீஸ் ஆற்றின் அடிச்சரளையில் சுறாப்பற்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இப்பகுதியைக் கடல் பலமுறை மூடி, பலமுறை விலகியிருக்கிறது. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது பெரும்பாலும் மக்கிவிடும். கெட்டியான பல் மட்டும் தங்கும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்ப்பதால் கடலடியில் அவை குவிந்தன. பின்னர் ஆறு அந்தப் படிவுகளை அரித்துப் புரட்டியது. பனியூழிக் காலத்து மாமத யானையின் எலும்பும் அதைவிடப் பல லட்சம் ஆண்டுகள் மூத்த மெகலோடன் சுறாவின் பல்லும் இன்று ஒரே சரளையில் கலந்து கிடப்பது அதனால்தான்.

இந்தச் சரளையைத் தேடி முதலில் வந்தவை உரக் கம்பெனிகள். 1881இல் கால்வாய்த் திட்டத்துக்காக ஆற்றை அளக்க வந்த ராணுவப் பொறியாளர் லெபரான், அதில் பாஸ்பேட் கூழாங்கற்கள் இருப்பதைக் கண்டார். 1888இல் ஆர்கேடியா ஊரிலிருந்து ஏற்றுமதி தொடங்கிவிட்டது. ஆற்றடியைத் தோண்டி அள்ளிய இயந்திரங்களுக்குக் கல்லென்றும் பல்லென்றும் பேதமில்லை. எத்தனையோ சுறாப்பற்கள் உரமாகிப் பருத்தி வயல்களுக்குப் போயிருக்க வேண்டும். வடக்கே தரைச் சுரங்கங்களில் செலவு குறைவாக இருந்ததால் 1908க்குள் ஆற்றுச் சுரங்கத் தொழில் முடிந்தது. அந்தத் தரைச் சுரங்கப் பகுதிக்கு எலும்புப் பள்ளத்தாக்கு என்றே பெயர்.

அதன்பின் ஆற்றில் இறங்கியவர்கள் பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்கள். நீர் வற்றும் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் தோணியில் வந்து, இடுப்பளவு நீரில் நின்று, கம்பியால் அடியைக் குத்திப் பார்ப்பார்கள். மணலில் கம்பி சத்தமின்றி இறங்கும், சரளையில் நறநறக்கும். அங்கே மண்வெட்டியால் அள்ளி, கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் அலசுவார்கள். தாதுக்கள் ஊறிய பல் கறுத்தோ சாம்பல் பூத்தோ இருக்கும். சில இனங்களின் பல்லோரத்தில் நகத்தை ஓட்டினால் ரம்பப் பற்கள் இன்னும் தட்டுப்படும்.

படகு செல்லத்தக்க ஆறுகளின் அடிநிலம் இங்கே மாநில அரசின் சொத்து. அரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் தொல்லெச்சங்களை எடுக்க, கெய்ன்ஸ்வில்லில் உள்ள புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கிடைத்தவற்றின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. எண்ணிக்கையில் மிகுந்தது, ஏற்கெனவே இடம்பெயர்ந்து உருண்டு வந்தது என்பதால் அதை விட்டுக்கொடுப்பதில் ஆய்வுக்குப் பெரிய நட்டமில்லை, நியாயமான சலுகைதான். பழங்குடியினரின் கல் அம்புமுனை சல்லடையில் சிக்கினாலோ கதை வேறு: சீட்டு இருந்தாலும் அதை எடுத்துச் செல்லக் கூடாது.

கூட்டரசின் நிலங்களில் இந்தத் தாராளம் இல்லை. அங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்கள் தம் சொந்தத் தேவைக்கு ஓரளவு எடுத்துக்கொள்ளக்கூடியவை சாதாரணமான சிப்பி, நத்தை, தாவர எச்சங்கள் மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட சில துறைகளின் நிலங்களில். சுறா முதுகெலும்பி என்பதால், அதன் பல்லை எடுக்க ஆய்வாளருக்குரிய அனுமதி வேண்டும்.