ஆங்கிலத்தில் பெரிய எழுத்து

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் பெரியது, சிறியது என இரு வடிவங்கள் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள், ஊர், நாடு, மொழி ஆகியவற்றின் பெயர்கள், கிழமைகள், மாதங்கள், 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து வரும். கோடை, குளிர் முதலிய பருவங்களுக்கு வராது. பதவிப் பெயர் ஆளின் பெயருக்கு முன் சேர்ந்து வந்தால் பெரிய எழுத்தும், தனித்து வந்தால் பெரும்பாலும் சிறிய எழுத்தும் பெறும். இலக்கண விதிகளாகக் கற்பிக்கப்படும் இவை, படியெடுத்தோரும் அச்சகத்தாரும் வாசிப்போரின் கண்ணுக்கு உதவ வளர்த்த வழக்கங்கள். இலக்கண நூல்கள் அவற்றைப் பின்னரே தொகுத்தன.

ரோமானியக் கல்வெட்டுகள் பெரிய வடிவில் மட்டுமே அமைந்தன. கி.பி. 113ஐச் சேர்ந்த டிராஜன் தூணின் கல்வெட்டு அதற்குச் சிறந்த சான்று. சிறிய வடிவம் கையெழுத்தின் வேகத்தில் படிப்படியாக உருவானது. சார்லமேன் காலத்தில் பரவிய கரோலிங்கிய எழுத்துமுறை, நூலின் உடலைச் சிறிய எழுத்திலும் தலைப்பையும் தொடக்கங்களையும் பழைய பெரிய வடிவங்களிலும் எழுதியது. இதில் யார்க் நகர அறிஞர் அல்குயினின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தனியே நிற்கும் 'ஐ' பெரிதானதற்கு, ஒற்றைக் கோடு பக்கத்துச் சொல்லோடு கலந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது பரவலான விளக்கம், அது உறுதிப்படவில்லை. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோதும் சீரான முறை ஏதும் இருக்கவில்லை.

சான்றுகள் மிகுந்த காலம் 17, 18ஆம் நூற்றாண்டுகள். 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பிலேயே பொதுப் பெயர்கள் பல பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. அடுத்த நூறாண்டில் ஏறக்குறைய எல்லாப் பெயர்ச்சொற்களும் அவ்வாறே அச்சாகின. எழுத்தாளரின் விருப்பமா, அச்சுக்கோப்பவரின் பழக்கமா என்பது நூலுக்கு நூல் மாறுபடும். ஆயினும் 1683-84இல் வெளிவந்த ஜோசப் மாக்சனின் அச்சுக்கலைக் கையேடு, அழுத்தம் பெறும் சொல்லைக் கண்டறிவதை அச்சுக்கோப்பவரின் கடமைகளுள் வைக்கிறது. அவர் முன்னே சாய்வாக இரு மரப் பெட்டிகள் இருந்தன: மேலதில் பெரிய எழுத்துகள், கைக்கு அருகிலிருந்த கீழதில் அடிக்கடி தேவைப்படும் சிறியவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சகங்கள் பொதுப் பெயர்களுக்குப் பெரிய எழுத்தைக் கைவிட்டன. 1795இல் இலக்கணம் எழுதிய லிண்ட்லி மர்ரே அதைப் பழைய வழக்கமென்றும், பக்கத்தை நெரிசலாக்கியதென்றும் குறித்தார். அச்சகம் முடித்துவைத்த மாற்றத்தை இலக்கணம் பதிவுசெய்தது.

இம்மாற்றத்துக்கு எழுந்த வலுவான மறுப்பு, தாமே அச்சகராயிருந்த பெஞ்சமின் ஃபிராங்கிளினுடையது. 1789 டிசம்பர் 26 அன்று நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், வரி சமமாகத் தோன்றவேண்டும் என்ற அச்சகர்களின் ஆசை வாசிப்பைக் கெடுத்ததாக வருந்தினார். ஆங்கிலத்தில் பல சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயராகவும் வினையாகவும் வரும். 'ரெக்கார்ட்' என்பதில் அழுத்தம் முதலசையில் விழுந்தால் பெயர், இரண்டாமசையில் விழுந்தால் வினை; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பெரிய எழுத்து இவற்றைப் பிரித்துக் காட்டியது என்பது அவர் வாதம். ஜெர்மன் மொழி அம்முறையை இன்றும் காக்கிறது. டேனிஷ் 1948இல் கைவிட்டது. ஃபிராங்கிளினின் கவலை நியாயமானது. ஆனால் ஆங்கிலத்தில் சொல்வரிசையும் முன்வரும் சுட்டுச்சொல்லும் பெயரைப் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. எல்லாப் பெயரும் பெரிதாகும்போது லண்டனும் நாற்காலியும் ஒரே மதிப்புப் பெற்று, தனிப்பெயரைச் சுட்டும் ஆற்றல் மங்குகிறது. தமிழும் அரபும் இந்த வேறுபாடே இல்லாமல் இயங்குவதால் இது வீண் சுமை என்போரும் உண்டு. மொழிக்கு இது இன்றியமையாததன்று என்பது உண்மை. ஆயினும் முற்றுப்புள்ளியோடு சேர்ந்து வாக்கிய எல்லையை விரைவாகக் காட்டும் பயனை அதனால் மறுக்க இயலாது.

1893இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்துக்காக ஹோரஸ் ஹார்ட் தொகுத்த விதிகளும், 1906இன் சிகாகோ நடைக் கையேடும் இன்றைய முறைக்கு உருக்கொடுத்தன. நூல், கட்டுரைத் தலைப்புகளில் முக்கியச் சொற்கள் அனைத்துக்கும் பெரிய எழுத்தா, முதற்சொல்லுக்கு மட்டுமா என்பதில் கையேடுகள் இன்றும் வேறுபடுகின்றன. 2016இல் அசோசியேட்டட் பிரஸ் 'இன்டர்நெட்' என்பதைச் சிறிய எழுத்துக்கு மாற்றியது. தனிப்பெயராக இருந்தது பொதுப்பொருளாகிவிட்டதென நடைமுறை ஏற்றபின் விதி மாறியது. இவ்வரலாறு முழுவதும் மாற்றங்கள் வந்த வரிசையும் பெரும்பாலும் அதுவே.