கணனித் திரையும் பில் அற்கின்சனும்

கணனித் திரையிலே ஒரு தாளின்மேல் இன்னொரு தாள் கிடப்பதுபோலச் சாளரங்கள் அடுக்கடுக்காய்த் தோன்றுவதை இன்று சிறு பிள்ளைகளும் அறிவர். மேலுள்ளதை விலக்கினாற் கீழுள்ளது முழுமையாய்த் தெரிகின்றது. ஆயினும் இஃது எளிதிற் கைகூடிய காரியமன்று.

1979ஆம் ஆண்டின் இறுதியில் அப்பிள் நிறுவனத்தார் சிலர் கலிபோர்ணியாவிலுள்ள செறொக்ஸ் ஆய்வுகூடத்தைப் பார்வையிட்டனர். அவர்களுள் ஒருவர் பில் அற்கின்சன் என்னும் இளைஞர். பாதி மறைந்து கிடக்கும் சாளரத்திலும் அங்குள்ள கணனி தடையின்றி எழுதும் என அவர் எண்ணிக்கொண்டார். உண்மையில் அதற்கு அவ்வாற்றல் இருக்கவில்லை. எனினும், பிறர் செய்துவிட்டனர் என்ற நம்பிக்கையே தாமும் செய்யலாம் என்ற துணிவை அவருக்கு அளித்தது.

இதிலுள்ள இடர் யாது? பாதி மறைந்த சாளரத்திற் கண்ணுக்குத் தெரியும் பகுதி எப்போதும் நீள்சதுரமாய் இராது. படிக்கட்டுப் போலவோ நடுவில் ஓட்டை விழுந்த பாய் போலவோ எவ்வடிவமும் கொள்ளும். அதன் எல்லைக்குள் மாத்திரமே வரைதல் வேண்டும். மக்கின்ரொஷ் கணனியின் திரையில் 512க்கு 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உள்ளோ புறமோ எனக் குறித்து வைப்பின், திரையளவான ஒரு வடிவத்துக்கே ஏறக்குறைய 22,000 பைற்றுகள் செலவாகும். அக்கணனியின் நினைவகமோ 128 கிலோபைற்று மாத்திரமே.

அற்கின்சன் கண்ட உபாயம் இதுவாகும். ஒவ்வொரு கிடைவரியிலும் புறம் உள்ளாக மாறும் இடத்தையும், உள் புறமாக மாறும் இடத்தையும் மட்டும் குறித்தார். மேல்வரியிலிருந்து மாற்றம் இல்லையாயின் ஒன்றும் குறியாது விட்டார். ஆகவே நீள்சதுரத்துக்கு மேல்விளிம்பில் இரு குறிகளும் கீழ்விளிம்பில் இரு குறிகளும் போதும். இடையே நூறு வரிகள் இருப்பினும் எழுதவேண்டியது எதுவுமில்லை. இத்தகைய இரு வடிவங்களைக் கூட்டவும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவும், பொதுப்பகுதியைக் காணவும் அக்குறிகளே உதவின. இவ்வடிவத்துக்கு அவர் இட்ட பெயர் 'றீஜன்', அதாவது பிரதேசம்.

இவ்வேலை நடந்த காலத்தில் அவர் மோட்டார் விபத்தொன்றில் மயிர்நுனியில் உயிர் தப்பினார். மருத்துவமனையிற் கண்விழித்தபின், தம்மைப் பார்க்க வந்த ஸ்ரீவ் ஜொப்ஸிடம், பிரதேசங்கள் இயங்கும் விதம் தமக்கு இன்னும் நினைவிருக்கிறது எனக் கூறித் தேற்றினாராம்.

அவருடைய 'குவிக்ட்றோ' 1983இல் லீசா கணனியிலும், 1984இல் மக்கின்ரொஷிலும் வெளிவந்தது. 2010இல் அதன் மூலநிரல் கணனி வரலாற்று நூதனசாலையினரால் யாவரும் கற்க வெளியிடப்பட்டது. அற்கின்சன் 2025இல் காலமானார்.

வசதிக் குறைவைக் காரணங்காட்டி முயற்சியைக் கைவிடும் வாலிபர் இவ்வரலாற்றைச் சிந்திப்பாராக. சிறிய நினைவகமே அவரைச் சிக்கனமான வழியைத் தேடச் செய்தது.