தலைகீழாகப் படித்த கையேடு

1957 இல் பிரித்தானியாவில் கொலின் சப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சிறு விளையாட்டுக் காரை அறிமுகப்படுத்தியது. முழுமையான காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. பொருத்தும் முறையை எழுதிக் கொடுத்தலாகாது. ஆகவே கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தனராம். வாங்கியவர் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்! சட்டத்தை இத்தனை பணிவோடு ஏய்த்தவர் அரிது.

1973 இல் பெறுமதி சேர் வரி வந்ததும் அச்சலுகை ஒழிந்தது. அவ்வாண்டிலேயே செவனின் உரிமை கேட்டர்ஹாமுக்குச் சென்றது. பிரதிகளோ பெருகின.

1996 இல் ரொன் சம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுணில் இத்தகைய காரைக் கட்டலாமென நூலெழுதினார். சதுரக் குழாய்களை உருக்கி ஒட்டிச் சட்டகம் செய்து, பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட்டின் இயந்திரத்தையும் பின்னச்சையும் பூட்டுவதே வழி. எஸ்கோர்ட்டின் உடல் உக்கியிருந்தாலும் பாதகமில்லை. அது எப்படியும் பழைய இரும்புக்கடைக்குத்தான் போகும்.