நடுவுல கொஞ்சம் தூரம்: கடலூர் துணியிலிருந்து ஒன்-கிளிக் வரை

இந்த எபிசோட் கடலூர் மஞ்சக்குப்பத்துல, எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில ஆரம்பிக்குது. பழைய பேப்பர்காரருக்குப் போடறதுக்காக அம்மா அங்க அட்டைப்பெட்டிகளை மடிச்சு அடுக்கி வெச்சிருந்தாங்க. எண்ணிப் பார்த்தேன், 41. எல்லாமே என் பேர்ல வந்த பார்சல். வீட்டிலிருந்து வேலை பார்த்த ஏழு மாசத்துல வந்தது. அதுல ஹெட்போன் மட்டும் மூணு. அம்மா திட்டல. "இதுல பாதியைப் பிரிச்சதே நான்தான்டா"ன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்.

அடுத்த மாசம் அப்பாவைச் சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. கவுன்ட்டர்ல 30,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டாங்க. ஆறு வருஷமா ஐடி சம்பளம் வாங்குற என் அக்கவுன்ட்ல இருந்தது 11,000. அந்த ஊர்லயே இருக்கிற காலேஜ் நண்பன் பைக்குல வந்து மீதியைக் கட்டினான். அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த கவுன்ட்டர் முன்னாடி நின்ன பத்து நிமிஷம் இன்னும் போகல.

அதுக்கப்புறம்தான், வாங்கணும்ங்கிற வெறியை யாராவது தடுத்திருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் சுத்திச் சுத்தி எங்க ஊருக்கே வந்துச்சு.

தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டைன்னு ஒண்ணு இருந்தது. 1690-ல ஆங்கிலேயக் கம்பெனி அதை மராத்தியர்கள்கிட்ட வாங்கினப்போ, கோட்டையிலிருந்து சுடுற பீரங்கிக் குண்டு விழுற தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்துன்னு பேச்சு. அப்படிக் கைமாறின ஊர்களுக்கு 'குண்டு கிராமம்'னு பேரே வந்துச்சு. (இதுக்குத் தனி எபிசோட் போடணும்.) கம்பெனி இங்க வந்ததுக்கு முக்கியமான காரணம் துணி. கடலூர்லேருந்தும் பரங்கிப்பேட்டையிலேருந்தும் பருத்தித் துணி கப்பல் ஏறிச்சு.

லண்டன்ல இந்தியத் துணிக்கு அப்போ ஒரு பைத்தியமே பிடிச்சிருந்தது. துவைச்சாலும் சாயம் போகாது, கம்பளி மாதிரி கனக்காது. அங்கே இருந்த நெசவாளர்களுக்குப் பிழைப்பு போச்சு. அதனால பார்லிமென்ட் தடை போட்டது. 1701-லிருந்து பூப்போட்ட, சாயம் போட்ட இந்தியத் துணியை இங்கிலாந்துல உடுத்தக் கூடாது. ஆனா வெள்ளைத் துணி வரலாம். உடனே என்ன ஆச்சு? வெள்ளைத் துணியை இறக்கி, லண்டன்லயே அச்சு போட்டு வித்தாங்க. 1719-ல நெசவாளர்கள் தெருவுல போற பெண்களோட உடையைக் கிழிச்சு, ஆசிட் கூட ஊத்தினாங்க. 1721-ல இன்னும் கடுமையான சட்டம்: உடுத்தினாலே 5 பவுண்ட் அபராதம். அதுலயும் முழுக்க நீலச் சாயம் போட்ட துணிக்கு விலக்கு! 1774-ல, உள்ளூர்லயே செஞ்ச பருத்தித் துணிக்கு வழி விட்டாங்க. ஆசை அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு தடையிலயும் ஒரு ஓட்டை இருந்தது, அது வழியா ஆசை போயிக்கிட்டே இருந்தது.

எனக்கு உறைச்சது வேற ஒண்ணு. கடலூர்லேருந்து லண்டனுக்குக் கப்பல் போக ஆறு மாசம் ஆகும். ஆசைக்கும் பொருளுக்கும் நடுவுல அவ்வளவு தூரம். அதுக்கப்புறம் வந்த வியாபாரத் தொழில்நுட்பம் பெரும்பாலும் இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான். அதோட உச்சம் 1999-ல அமேசானுக்குக் கிடைச்ச 'ஒன்-கிளிக்' பேட்டன்ட். வண்டியில பொருளைப் போடு, முகவரி கொடு, கார்டு நம்பர் அடிங்கிற படிகள் எல்லாம் ஒரே அழுத்தலாச்சு.

இந்தியா அப்போ எதிர்த்திசையில போச்சு. 2009 ஆகஸ்ட் 1-லேருந்து ஆன்லைன் கார்டு பேமென்ட்டுக்கு ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம்னு ரிசர்வ் வங்கி சொன்னது. நோக்கம் மோசடியைத் தடுக்கறது, நம்ம கையைத் தடுக்கறது இல்ல. ஆனா ஓடிபி வர்ற அந்த இருபது நொடியில எத்தனை பேர் மனசு மாறியிருப்பாங்க! டவர் கிடைக்காத புண்ணியத்துல நானே ஒரு ஷூ வாங்காம தப்பிச்சிருக்கேன். 2016-ல யுபிஐ வந்ததும் அந்தத் தூரமும் சுருங்கிடுச்சு.

அதனால என் ஏற்பாடு, தூரத்தைத் திரும்பக் கொண்டுவர்றதுதான். ஷாப்பிங் ஆப் எல்லாம் தூக்கிட்டேன். சேமிச்ச கார்டுகளை எல்லா தளத்துலேருந்தும் அழிச்சேன். பேங்க் ஆப்ல ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் பண்ற சுவிட்ச் இருக்கு. 2020-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது, நிறைய பேர் கவனிச்சிருக்க மாட்டீங்க. யுபிஐ-க்குத் தனி அக்கவுன்ட், அதுல வாரச் செலவுக்கு மட்டும் பணம். கடைசியா, ஒரு வீக்கெண்ட்ல சின்னதா பிரவுசர் எக்ஸ்டென்ஷன் எழுதினேன். கார்ட்ல போட்ட பொருளோட 'வாங்கு' பட்டன் 72 மணி நேரத்துக்குத் தெரியாது. முதல் மூணு மாசத்துல 23 பொருள் அதுல மாட்டிச்சு. நேரம் முடிஞ்சும் நான் வாங்கினது நாலு.

ஆனா லண்டன் வெள்ளைத் துணி மாதிரி இதுலயும் ஓட்டை இருந்தது. எழுதினவனே நான், ஆஃப் பண்ணத் தெரியாதா? ரெண்டாவது வாரமே பண்ணிட்டேன். அதனால செட்டிங்ஸுக்கு பாஸ்வேர்ட் வெச்சு, அதைச் சிதம்பரம் நண்பன்கிட்ட கொடுத்துட்டேன், அன்னிக்குப் பைக்குல வந்தவன்கிட்டதான். இதுவரைக்கும் ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கேன். ரெண்டு தடவையும் "எதுக்குடா மச்சான்?"னு கேட்டான். ஒரு தடவை பதில் சொல்லிட்டேன், வீட்டு மோட்டார் ரிப்பேர். இன்னொரு தடவை, சும்மாதான் கூப்பிட்டேன்னு சொல்லி வெச்சுட்டேன்.