வம்சாவளி என்னும் ஒரு சொல்

மதுரையில் இரவு வண்டியேறிச் சென்னை எழும்பூரில் இறங்குவோர்க்குக் கன்னிமரா பொது நூலகம் நடந்தே செல்லும் தூரம். 1896இல் திறக்கப்பட்ட அந்நூலகம், ஐக்கிய நாடுகள் சபை தன் ஆவணங்களை அனுப்பி வந்த நூலகங்களுள் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்க அங்குச் செல்லும் நம் இளைஞர்கள் அவ்வேடுகளைத் தொடுவதில்லை. “நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?” என்று நம் மாணவர் ஒருவரே கேட்டதுண்டு. சம்பந்தம் உண்டு என்பதை ஒரு சொல்லின் வரலாற்றால் காட்ட விழைகிறோம்.

தீண்டாமையை ஒழிக்கும் விதியை நம் அரசியல் நிர்ணய சபை ஏற்ற நாள் 29-11-1948. பதினோராம் நாள் பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிற்று. ஆயினும் சாதி என்ற சொல் அதில் இல்லை.

1965இல் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. உருவாக்கியபோது, பாகுபாட்டின் அடிப்படைகளுள் ‘வம்சாவளி’ என்பதையும் சேர்க்குமாறு கோரியது இந்தியாவே. 1968இல் நம் நாடு அதனை உறுதி செய்து ஏற்றது. ஏற்ற நாடு குறித்த கால இடைவெளியில் அறிக்கை அளித்தாக வேண்டும். 1996இல் ஆய்வுக்கு வந்த அறிக்கையில், அச்சொல் இனத்தை மட்டுமே குறிக்கும், சாதியைக் குறிக்காது என்று நம் அரசு வாதிட்டது. ஐ.நா. குழு அதனை ஏற்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலையும் உடன்படிக்கைக்குள் அடங்கும் என்று எழுதிற்று. 2002இல் சாதி என்பதையே வெளிப்படையாகக் குறிப்பிட்டது. நாமே நட்ட சொல் நம்மையே கேள்வி கேட்டது!

இவ்வேடுகளைப் படிக்கும் முறை கடினமன்று. ஒவ்வோர் ஆவணத்தின் தலைப்பிலும் ஒரு குறியீடு இருக்கும். ‘ஏ’ எனத் தொடங்கின் பொதுச்சபை. ‘எஸ்’ எனின் பாதுகாப்புச் சபை. ‘ஈ’ எனின் பொருளாதார சமூக சபை. நாம் கூறிய குழுவுக்கு ‘சி.இ.ஆர்.டி.’ அரசின் அறிக்கை, கூட்டக் குறிப்பு, குழுவின் முடிவுரை ஆகிய மூன்றையும் சேர்த்தே படித்தல் வேண்டும். அறிக்கையை மட்டும் படித்தால் நாட்டில் குறையே இல்லை என்று தோன்றும். நடை வறண்டது, அகராதி உடனிருப்பது நலம். ஐ.நா.வின் ஆறு ஆட்சிமொழிகளுள் தமிழ் இல்லையாதலின், தமிழாக்கும் பணி நம்முடையதே. இன்று இவற்றுட் பல இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

மேலூர் வட்டம் மேலவளவில் தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் உட்பட அறுவர் 30-6-1997 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் முடங்கிக் கிடந்த ஊராட்சித் தேர்தல் 2006இல்தான் முறையாக நடந்தேறியது. அதற்கு அடுத்த ஆண்டு அக்குழு இந்தியா குறித்து வெளியிட்ட முடிவுரையில், தலித் வேட்பாளர்கள் போட்டியிடவிடாமல் வன்முறையால் தடுக்கப்படுவதும், வென்றவர்கள் பதவி விலகக் கட்டாயப்படுத்தப்படுவதும் கவலையுடன் குறிக்கப்பட்டுள்ளன. அப்பத்தியில் ஊர்ப்பெயர் ஏதும் இல்லை. மேலூர்ப் பக்கத்தார் எவரும் அதனை ஒருமுறை படித்தால் போதும், எந்த ஊர் என்று கேட்கமாட்டார்.