வாங்கில் இடம் கேட்டவர்கள்



ஹோம்புஷில் ஒரு தமிழர் புதிதாக அறிமுகமானால் அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும்: "ஊரில எவடம்?" பெரும்பாலும் அது அன்பான விசாரிப்புத்தான். ஆனால் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதே கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கும். "நாங்கள் நாலு பேர் சொல்லி என்ன மாறப்போகுது?" என்று நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஊரில் அப்படிப் பேசாமல் இராத நாலு பேரின் கதை இது.

நூறு ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் இடமில்லை. மற்றவர்கள் வாங்கில் இருக்க, அவர்கள் நிலத்தில் இருந்து படித்தார்கள். மிஷன் பள்ளிகளும் சாதியிலிருந்து முழுக்க விடுபட்டிருக்கவில்லை. இதை நாம் மறைக்கக் கூடாது.

1924இல் சில இளைஞர்கள் சேர்ந்து மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. முன்னின்றவர் ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. "சம ஆசனம், சம போசனம்" என்று இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஊரில் செல்வாக்குள்ள பலர் எதிர்த்தார்கள். 1930ஐ ஒட்டி, அரச உதவி பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, சில பள்ளிகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது.

சிறு குழுவின் குரலுக்கு இவ்வளவு வலு எப்படி வருகிறது? தாதியர் பட்டப்படிப்பில் உளவியல் பாடத்தில் படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1969இல் சேர்ஜ் மொஸ்கோவிசி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆறு ஆறு பேராக இருத்தி நீல நிறப் படங்களைக் காட்டினார்கள். ஆறில் இருவர் ஆய்வாளரின் ஆட்கள்; அவர்கள் "பச்சை" என்றார்கள். இருவரும் ஒவ்வொரு முறையும் மாறாமல் சொன்னபோது, மற்றவர்களின் பதில்களில் சுமார் 8 சதவீதம் "பச்சை" ஆனது. அவர்கள் மாறி மாறிச் சொன்னபோது அது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பொய்யான கருத்துக்கே உறுதி இவ்வளவு செய்யுமென்றால், நியாயமான கருத்துக்கு எவ்வளவு செய்யும்!

ஆனால் உறுதி வேறு, விடாப்பிடி வேறு. சிறுபான்மை சற்றும் வளையாமல் நின்றால் மக்கள் விலகிப் போவார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. வாலிபர் காங்கிரஸுக்கும் அது நேர்ந்தது. முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தார்கள். வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை பிரதிநிதி இல்லாமல் கிடந்தன. அதன் பிறகு அவர்களின் செல்வாக்குத் தேய்ந்தது.

அமைப்புத் தேய்ந்தாலும் கேள்வி தேயவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. இப்படித்தான், ஒரு தலைமுறை கேட்டது அடுத்த தலைமுறைக்கு மெல்ல மெல்லச் சாதாரணமாகிறது. பிறகு, முதலில் கேட்டவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிக்கிறோம். யார் எங்கே இருப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த இடத்தை யாரோ நமக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கலியாணப் பேச்சில் இன்னும் அந்த இடம் வரவில்லை. அடுத்த முறை வீட்டில் அந்தக் கேள்வி எழும்போது, அம்மா அப்பாவோடு சண்டை வேண்டாம். "அது எங்களுக்கு வேண்டாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறையும் அதையே சொல்லுங்கள்.