தராசு யார் கையில்?

சந்தை நமக்குப் புதிதன்று. பண்டைய மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. ஆயினும் விளைவித்தவரே விலை கூறும் உரிமை நம் உழவர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. மலையடிவாரத்து ராயகிரி போன்ற ஊர்களில் கத்தரியும் தக்காளியும் பறிப்போர், கமிஷன் கடையில் மூட்டையை இறக்கியபின் வாய் திறப்பதில்லை. விலை, தரகு, எடைக்கழிவு யாவும் பிறர் சொல்வதே.

பஞ்சாபில் 1987இல் தோன்றிய 'அப்னி மண்டி', ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய 'ரைது பஜார்' ஆகியவற்றின் வழியில், அவ்வாண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். தரகர் இல்லை, கடைக்கு வாடகை இல்லை. நிலத்தையும் பயிரையும் அதிகாரிகள் பார்த்து உறுதிசெய்த பின்னரே அடையாள அட்டை. அன்றைய விலை பலகையில் எழுதப்படும். இவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தராசுதான். அரசு வழங்கிய தராசில், வாங்குபவர் கண்ணெதிரே, உழவர் தம் கையாலேயே நிறுக்கிறார். நீதிமொழிகள் நூல் தராசைப் பற்றி ஏன் மீண்டும் மீண்டும் பேசுகிறது என்பது கமிஷன் கடை வாசலில் நின்றவர்க்கு விளங்கும்.

2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் களையிழந்தன; 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றன. இன்று தென்காசியிலும் உழவர் சந்தை உண்டு. அங்கே கீரை வாங்க வருபவர், விதைத்தவரிடமே மழை பெய்ததா என்று விசாரிக்கிறார். பேச்சு முடியுமுன் ஒரு கொத்துக் கறிவேப்பிலை பையில் விழுகிறது. ராயகிரியில் இரண்டு கூடைக் காய் வைத்திருப்பவர்க்கோ பேருந்துக் கட்டணமும் அரைநாள் வேலையும் கணக்கில் வருகின்றன. அவர் கமிஷன் கடைக்கே நடக்கிறார்.